கிணற்றுக்கு மேல் ஓர் அறை

போனை எடுத்தவுடன் கேட்பார்கள்: "அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு ரூம் மட்டும் எடுக்கணும். சதுர அடிக்கு என்ன ஆகும்?" கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. என்னிடம் வேலை பார்த்த கொத்தனார்களே கேட்கிறார்கள். ஒருத்தன் வீட்டுக்காரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, "எங்க மேஸ்திரிக்கிட்டயே கேட்டுச் சொல்லிர்றேன்" என்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இடத்தைப் பார்க்காமல் விலை சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்?

ஒன்றைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. புது வீட்டைவிட, இருக்கிற வீட்டோடு ஒட்டிக் கட்டுகிற சின்ன அறைக்குத்தான் சதுர அடிக்குச் செலவு அதிகம். "சின்ன ரூம்தானண்ணே" என்பார்கள். சின்ன அறைக்கு என்ன, மூன்று மூலையா? அதற்கும் அஸ்திவாரம் வேண்டும், கம்பி வேண்டும், தளம் வேண்டும். லாரி முடுக்குக்குள் நுழையாது; ஜல்லியையும் மணலையும் தெருமுனையில் கொட்டித் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கூலி எந்தக் கணக்கிலும் முதலில் வராது. போதாததற்குப் பழைய சுவர் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி முடித்த சுவர். புதுச் சுவர் இனிமேல்தான் இறங்கும். மூத்த தாரத்துப் பிள்ளையையும் இளைய தாரத்துப் பிள்ளையையும் ஒரே பாயில் படுக்க வைப்பது மாதிரி, பக்குவமாகச் சேர்க்காவிட்டால் ஒரே மழையில் நடுவில் விரிந்துவிடும்.

கையில் காசு குறைவென்றால் கதவில் மிச்சம் பிடிக்கலாம். இடித்த வீட்டு நிலையும் ஜன்னலும் மலிவாகக் கிடைக்கும். தரைக்கு மிச்சச் சரக்கு டைல்ஸ் போடலாம். வெளிப்பூச்சை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். தண்ணீரிலும் மணலிலும் கம்பியிலும் மட்டும் கை வைக்கக் கூடாது. எங்கள் கடற்கரையில் உப்பு காற்றில் வரும், தண்ணீரில் வரும், மணலில் ஒளிந்தும் வரும். இவ்வளவையும் நான் போனிலேயே சொல்லிவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் ஆமினாம்மா வீட்டு அறை ஞாபகம் வந்துவிடும். அப்புறம் போனை வைத்துவிடுவேன்.

நான் முதுகுளத்தூர் பக்கம் கரிசல் ஊர்க்காரன். மழை பொய்த்த வருஷம் பாம்பனுக்கு வந்து கட்டட வேலைக்குச் சேர்ந்தேன். கல் சுமந்தது, கலவை போட்டது, கரண்டி பிடித்தது எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: திட்டு வாங்கினேன், தொழில் வந்தது.

திட்டியவர் செபஸ்தியான் மேஸ்திரி. பாம்பன்காரர். வீட்டில் அத்தனை பேரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. "எங்க ஐயா என்னையக் கரையில எறக்கிவிட்டுட்டு, நீ வீடு கட்டிப் பொழைச்சுக்கன்னு போயிட்டாருலே" என்று சிரிப்பார். திட்டினார் என்றேனே, அதுகூடச் சத்தமாக இருக்காது. நான் வைத்த வரிசை கோணலாக இருந்தால் பக்கத்தில் வந்து, "ஏலே முனியசாமி, வெலகு" என்பார். அவ்வளவுதான். நான் விலகி நிற்க, நான் வைத்த கல்லையெல்லாம் எடுத்துவிட்டு அவரே திரும்ப வைப்பார். நாலு பேர் பார்க்க அப்படி நிற்பதற்கு, கன்னத்தில் ரெண்டு அறை வாங்கியிருக்கலாம்.

அவர் ஒரு வீட்டைப் பார்க்கப் போகிற விதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு முழுக்க நடப்பார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்பார். கேன் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார். அந்த மனையில் ஊறுகிற தண்ணீர்தான் வேண்டும். ஒரு வாய் வைத்து, நாக்கில் உருட்டி, வெளியே போய்த் துப்புவார். "கலவைக்குத் தண்ணி வெலைக்கு வாங்கணும்" என்றோ, "பரவால்ல, தாங்கும்" என்றோ சொல்வார். பிறகு சுவரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி அந்தத் தூளையும் நாக்கில் வைப்பார். வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் பழைய சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "ஈரம் மேல ஏறுதா, கீழ எறங்குதான்னு பாக்குறேன். வேறென்ன, நாடியா பாக்குறேன்?" என்றார்.

ஆமினாம்மா வீடு கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில். பெயர் வேண்டாம். அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவது கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் மகளுக்கென்று ஓர் அறை இருந்தாக வேண்டும். நகை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பேசிக்கொள்ளலாம். அறை இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஆமினாம்மாவின் கணவர் சவுதியில் வேலைக்குப் போன இடத்திலேயே மவுத்தாகிவிட்டார். மகள் நஸ்ரினுக்கு நல்ல இடம் அமைந்திருந்தது. துபாயில் இருந்த ஆமினாம்மாவின் தம்பி மூன்று லட்சம் அனுப்பிவிட்டு, "ராத்தா, இதுக்கு மேல என் உசுரத்தான் அனுப்பணும்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். நோன்பு தொடங்குவதற்குள் அறை முடிய வேண்டும், பெருநாள் கழித்து நிக்காஹ். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். அந்தம்மா ரெண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கப் புறப்பட்டிருந்தார், அதுவும் மூன்று லட்சத்தில்.

பழைய முருகைக்கல் வீடு அது. அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டியெடுத்த கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கொல்லைப்பக்கம்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றார்கள். மேஸ்திரி வெறுங்காலோடு வீடு முழுக்க நடந்துவிட்டு, "கொல்லைக் கதவு எங்கனம்மா இருக்கு?" என்று கேட்டார்.

ஆமினாம்மா பின்கட்டில் நின்ற ஒரு இரும்பு பீரோவைக் காட்டினார். காட்டிவிட்டு முன்அறைக்குப் போய்விட்டார்.

நானும் மேஸ்திரியும் பீரோவை நகர்த்தினோம். பின்னால் கதவு. கதவின் குறுக்கே ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருந்தது. தாழ்ப்பாள் துருவேறி நிலையோடு நிலையாக ஒட்டிப்போயிருந்தது. பலகையைப் பெயர்த்துவிட்டு, சுத்தியலால் நான் அடித்த அடியில் தாழ்ப்பாள் கழன்றது. கதவு திறந்ததும் பாசி வாடை முகத்தில் அடித்தது. சின்னக் கொல்லை. நட்ட நடுவில் ஒரு கிணறு.

நஸ்ரின் நிலைப்படி வரைக்கும் வந்து, அதற்கு மேல் கால் வைக்காமல் நின்றாள். "மேஸ்திரி மாமா, எங்க ராத்தா இதுல விழுந்துதான் மவுத்தாச்சு. அதுக்கு ஏழு வயசு. நான் அப்ப கைப்புள்ள. அன்னைக்கு அடைச்ச கதவு. உம்மா இதுவரைக்கும் தொறந்ததில்ல" என்றாள். குரலைத் தாழ்த்தி, அடுத்தவர் வீட்டுச் சேதியைச் சொல்வது போலச் சொன்னாள். மேஸ்திரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

பிறகு வேலையைப் பார்த்தோம். மேஸ்திரி, சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை நூலில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நூல் நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் இறக்கினார். தண்ணீர் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. யாரும் இறைக்கவில்லை, மழையும் இல்லை.

"கடல் ஏறுதுலே. கூடவே இதுவும் ஏறுது. கடல் வத்துனா இதுவும் எறங்கும்" என்றார் மேஸ்திரி. "மூச்சுவிடுற கெணறு இது."

அறையை அந்தக் கிணற்றின் மேல்தான் கட்டியாக வேண்டும், வேறு இடமில்லை. கிணற்றை முழுக்க மண்ணால் தூர்க்கலாமென்றால், அத்தனை லோடு கிராவலைத் தெருமுனையிலிருந்து முடுக்கு வழியாகச் சுமந்து வரும் கூலியிலேயே மூன்று லட்சத்தில் பாதி போய்விடும். அதனால் கிணற்றின் வாயில் கம்பி கட்டிக் கான்கிரீட் மூடி போட்டு, அதற்கு மேல் தரை போடுவது என்று மேஸ்திரி முடிவு பண்ணினார். அப்படிப் போடும்போது எங்கள் பக்கத்தில் தவறாமல் செய்கிற ஒரு காரியம் உண்டு. மூடியில் ஒரு ஓட்டை விட்டுக் குழாய் ஒன்றைச் சொருகி, சுவரோடு சுவராக ஏற்றி மொட்டைமாடிக்கு மேலே திறந்து விட்டுவிடுவோம். கிணறு மூச்சு விடுவதற்கு. சாமி காரியம் என்று சிலர் சொல்வார்கள், காற்றுக் காரியம் என்று சிலர் சொல்வார்கள். எப்படியானாலும் குழாய் வைக்காமல் எந்தக் கொத்தனும் கிணற்றை மூட மாட்டான். செலவு என்று பார்த்தால் ஒரு மூட்டை சிமென்ட் விலைகூட வராது.

ஆமினாம்மா முடியாது என்றார்.

"ஓட்டை வேணாம் மேஸ்திரி. எம்மகளும் மருமகனும் படுக்குற அறை. அதோட தலைமாட்டுல கெணத்துலேருந்து ஒரு வழி இருக்கப்படாது. ஈர்க்குச்சி நொழையுற அளவுக்குக்கூட இருக்கப்படாது. மூடுனா மூடுனதா இருக்கணும்."

"அம்மா, காத்து போக வழி வேணும்மா. கடல் ஏறையில உள்ள இருக்க காத்து எங்கிட்டுப் போகும்?"

"எங்கிட்டோ போகட்டும். எங்க வீட்டுக்குள்ள வர வேணாம்."

மேஸ்திரி வேறு இடமாக இருந்தால், "அப்ப வேற ஆளப் பாத்துக்கங்க" என்று செருப்பை மாட்டியிருப்பார். அன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். கடைசியில் "சரிம்மா" என்றார். எனக்கு எரிச்சல்தான். குழாய் வைக்காதே என்று வீட்டுக்காரி சொல்லலாமா? டாக்டரிடம் போய், ஊசி போடு ஆனால் குத்தாதே என்று சொன்னால் நடக்குமா? வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன். "ஏலே, புள்ளயப் பறிகொடுத்தவகிட்டப் போயி நியாயம் பேசச் சொல்றியா? பேசாம வாலே" என்றார்.

மூடி போடுகிற நாளில், கிணற்றை மூடும் முன் ஒரு குடம் நல்ல தண்ணீர் அதில் ஊற்றுவது வழக்கம். இத்தனை நாள் நமக்குக் கொடுத்தது, நாம் ஒரு குடம் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது கணக்கு. வீட்டுப் பெண்தான் ஊற்ற வேண்டும். ஆமினாம்மா வரவில்லை. நஸ்ரின் குடத்தோடு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். குடம் காலியாகிவிட்டது. தண்ணீர் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. கிணற்றின் சுவரோடு வழிந்திருக்கும். வழிந்திருக்கத்தான் வேண்டும். நானும் மேஸ்திரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "கம்பியக் கட்டுங்கலே" என்று மேஸ்திரி ஆட்களை அதட்டினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அறை நன்றாகவே வந்தது. மண்டபம் ஊரில் இடித்த ஒரு வீட்டிலிருந்து தேக்கு நிலையும் ஜன்னலும் வாங்கிவந்தோம். டைல்ஸ் கடையில் மிஞ்சிக் கிடந்த சரக்கை ரெண்டு நிறத்தில் எடுத்து, கட்டம் கட்டமாகப் போட்டு, வேண்டுமென்றே செய்தது மாதிரி காட்டினோம். பழைய முருகைக்கல் சுவரை அறையின் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டதால் ஒரு சுவர் மிச்சம். கூடவே ஒரு சின்னக் குளியலறை. எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குள் அடங்கியது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஆமினாம்மா மட்டும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. டீயைக்கூட நிலைப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வேலை முடிந்த கொஞ்ச நாளில் நஸ்ரின் எனக்குப் போன் பண்ணினாள். "மாமா, நீங்க மட்டும் வந்துட்டுப் போங்க. உம்மாவுக்குத் தெரிய வேணாம்."

முற்பகல் வேளையில் போனேன். நல்ல வெயில், தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போகிறாள். அந்த அறையில் மட்டும் ஈரத் துணியைப் போர்த்தியது போல ஒரு குளிர்ச்சி. நஸ்ரின் பழைய சுவரின் அடியைக் காட்டினாள். சுவருக்குப் பூசிய பட்டியைத் தேய்த்த வெள்ளைத் தூள் தரையில் படிந்திருந்தது. சுவரோரம் மட்டும் அந்தத் தூள் விசிறி மாதிரி வெளிப்பக்கம் விலகியிருந்தது. பெருக்கியது இல்லை. கீழே குனிந்து யாரோ ஊதிய மாதிரி இருந்தது.

"சாயங்காலம் வந்து பாருங்க. தூளு உள்ள இழுத்திருக்கும்" என்றாள்.

நான் சுவரோடு காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு நீண்ட சத்தம். மூச்சை வெளியே விடுகிற சத்தம். அது முடிகிற மாதிரி வந்து, முடியாமல் நீண்டது. கன்னத்தில் ஈரமான காற்றுப் பட்டது. கொல்லைக் கதவைத் திறந்த அன்று அடித்த அதே பாசி வாடை. அப்போதே ஐம்பது வயது ஆள் நான், எத்தனையோ இடிந்த வீட்டில் படுத்துத் தூங்கினவன். அன்றைக்குச் சுவரைவிட்டு விலகி வந்துவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை.

"தண்ணிக்குள்ளேருந்து தலையத் தூக்கி யாரோ மூச்சு விடுற மாதிரி இல்ல?" என்றாள் நஸ்ரின். "நாளைக்கு மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைக அறை பாக்க வாராங்க மாமா. அவங்க இருக்கையில இது கேட்டுச்சுன்னா, பேய் வீடுன்னு ஊரெல்லாம் ஆயிரும். எனக்கு இந்த எடமும் போயிரும், இனி எந்த எடமும் வராது." சொல்லிவிட்டு அழுதாள்.

மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "காத்துதான்லே. கடல் ஏறையில உள்ள இருக்க காத்து வெளிய வந்துதான ஆகணும்? நாம வழி வைக்கல, அதுவா வழி தேடிக்கிருச்சு. முருகைக்கல்லுல கண்ணுக்குத் தெரியாம ஆயிரம் தொளை" என்றார். எனக்குப் பாதிப் பயம் போயிற்று. தரையைத் துளைத்துக் குழாய் இறக்கினால் ஒரு நாள் வேலை, சத்தம் நின்றுவிடும். ஆனால் மறுநாளே விருந்தாளி. கொத்திப்போட்ட தரையை அவர்களுக்குக் காட்ட முடியாது. மேஸ்திரி பாம்பனில் கடலுக்குப் போகிற தன் தம்பியைப் போனில் பிடித்து, நாளைக்குக் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், எப்போது சும்மா நிற்கும் என்று விசாரித்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கடல் அசையாமல் நிற்கும் என்றார் தம்பி. அந்த நேரத்துக்கே விருந்தாளிகளை வரச் சொல்லும்படி நஸ்ரினிடம் ஏற்பாடு பண்ணினோம். அவர்கள் வந்து போனதும், அடுத்த நாள் காலையில் குழாயை இறக்கிவிடுவது, ஆமினாம்மாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்வது என்று திட்டம்.

மறுநாள் குளியலறைக் குழாயில் ஒழுகலைப் பார்ப்பதாகச் சாக்கு வைத்து, ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் மிஞ்சிய சந்தில் நான் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் உம்மாவும் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர்களை உட்கார வைக்க வேண்டுமே, ஆமினாம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தார். வந்தவர் சுவரோரம் போகாமல் கதவுப் பக்கமே நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் உம்மா வாட்டசாட்டமான, கறாரான அம்மா. அலமாரித் தட்டைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், "டைல்ஸு என்ன ரெண்டு கலருல?" என்று கேட்டார். "இப்ப அதுதான் பேஷன்" என்றாள் நஸ்ரின். சபாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சுவர் மூச்சு விட்டது.

முந்தின நாள் கேட்டதைவிட நீளமாக, தெளிவாக. சந்தில் நின்ற எனக்கே கேட்டது. கூட வந்த பெண்ணில் ஒருத்தி, "யா அல்லாஹ், என்னது!" என்று எழுந்தேவிட்டாள். ஜன்னல் வழியாக நஸ்ரினின் முகம் தெரிந்தது, ரத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆமினாம்மா நின்ற இடத்திலிருந்து நடந்து வந்தார். பழைய சுவரில் கையை வைத்தார். விரலெல்லாம் விரித்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகில் வைப்பது போல வைத்தார். சத்தம் நிற்கும்வரை எடுக்கவில்லை. பிறகு விருந்தாளிகளைப் பார்த்து, ஒளிக்காமல், "அது எங்க மூத்தது" என்றார். "இங்கன ஒரு கெணறு இருந்துச்சு. அதுல விழுந்துதான் மவுத்தாச்சு. நான் மூடி வச்சுட்டேன். ஓட்டைகூட வேணாம்னு மூடிட்டேன்."

எழுந்த பெண் பையைக் கையில் எடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஷமீமா."

அந்தம்மா எழுந்து வந்து, முட்டிவலியோடு மெல்லச் சுவரோரம் குனிந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும், ஷமீமா" என்றார். "ஒந் தங்கச்சிய எம்மகன் நல்லா வச்சுக்கிருவான். நீ வருத்தப்படாத." பிறகு ஆமினாம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எங்க வீட்டு ஆளு மண்டபத்துலேருந்து கடல் தொழிலுக்குப் போனவருதான். படகும் வரல, ஆளும் வரல. எந்தப் பக்கம் பாத்து ஸலாம் சொல்லன்னுகூட எனக்குத் தெரியாது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட வந்தவளிடம், "பையக் கீழ வையி. சம்பந்தி, டீ போடச் சொல்லுங்க" என்றார்.

நான் சந்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரி தம்பிக்கு மறுபடி போன் போட்டார். "ஏண்டா, அஸருக்கு அப்புறம் கடல் சும்மா நிக்கும்னியே?" நின்றதே, தான் பாலத்துப் பக்கம்தான் இருந்ததாகவும், தண்ணீர் அசையவே இல்லை என்றும் தம்பி சத்தியம் பண்ணினார். மேஸ்திரி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காற்றுதான் என்று சொன்னவர் அவர்.

மறுநாள் காலையில் துளை போடும் மெஷினும் குழாயுமாகப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்தால், புது அறையில் கட்டில் போட்டிருந்த இடத்தில் ஆமினாம்மாவின் பாயும் தலையணையும் கிடந்தன. தொழுகை விரிப்பு ஜன்னலோரம் மடித்து வைத்திருந்தது. மகளுக்கு வாங்கிய கட்டில் முன்அறைக்குப் போயிருந்தது.

"நஸ்ரினுக்கு நான் படுக்குற முன்அறையக் குடுத்துட்டேன் மேஸ்திரி. சம்பந்திக்கிட்டயும் சொல்லியாச்சு, அவங்களுக்குச் சம்மதம். முன்அறைக்கு வெள்ளையடிச்சுக் குடுத்துருங்க. இந்தக் குழாய் வேணாம்."

"அம்மா, குழாய எறக்கிட்டா இந்தச் சத்தம் நின்னுரும்மா" என்றேன் நான்.

"அதுக்குத்தான் வேணாம்ங்குறேன்."

மேஸ்திரிதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது வெறும் காற்றில்லை, உப்புக் காற்று. வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே கிடந்தால் மூடியில் கட்டிய கம்பியைத் தின்றுவிடும். கம்பி துருவேறி ஊதும், கான்கிரீட் வெடிக்கும், தரை இறங்கும். கடன் வாங்காமல், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய அறை இது, நாமே பாழாக்கலாமா என்று கேட்டார்.

ஆமினாம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க ஊருல பொம்பளைக அடக்கம் பண்ற மையவாடிக்குப் போற வழக்கமில்ல மேஸ்திரி. ஆம்பளைக வந்து எம்புள்ளயத் தூக்கிட்டுப் போனாங்க. எந்த மரத்தடியில வச்சாங்கன்னுகூட நான் பாத்ததில்ல. நான் கடைசியா அதப் பாத்தது இந்தக் கெணத்தடியிலதான். அந்தக் கதவையும் நானே அடைச்சேன்." சுவர்ப் பக்கம் திரும்பினார். "காத்துதான்னு எனக்கும் தெரியும். நஸ்ரின் எல்லாம் சொல்லுச்சு. இருந்துட்டுப் போகட்டுமே. குழாய் வைக்காட்டி இந்தத் தரை எத்தன வருசம் தாங்கும்?"

மேஸ்திரி குனிந்து தரையைக் கையால் தடவினார். "பதினஞ்சு வருசம் தாங்கும்மா. மிஞ்சிப்போனா இருவது."

"போதும்" என்றார் ஆமினாம்மா. "எனக்கும் அம்புட்டுத்தான் இருக்கும்."